புகையும் வழைச்சும்

திருக்குறளிற் கள்ளுண்ணாமை என்னும் அதிகாரத்தை முப்பது ஆண்டுகளாக மாணாக்கர்க்குக் கற்பித்து வருபவன் யான். பொருட்பாலில் 93 ஆவதாக அமைந்த அவ்வதிகாரத்தைச் சொல்லும்போது குரலைச் சற்றே உயர்த்திக் கொள்வது என் வழக்கம். என் மாணாக்கருட் பலர் தோட்டத்து லயங்களிலிருந்து வருபவர்கள். நூலைப் பிரிப்பதற்கு முன்னரே அவ்வதிகாரத்தின் பொருள் அவர்களுக்குத் தெரியும். அத்தகைய யான், சென்ற மாதம் ஒரு ஞாயிற்றுக்கிழமைப் பிற்பகலில், என் வீட்டு விறாந்தையில் அமர்ந்து விஸ்கியைச் சுவை பார்த்தேன் என்றால் நேயர்கள் வியப்படைவர். சிலர் வருந்தவுங் கூடும். நிகழ்ந்ததை முறையாகச் சொல்லிவிடுவதே நன்று.

என் வீடு கேகாலை மாவட்டத்தில், யட்டியாந்தோட்டைக்கு அண்மையில் உள்ளது. மேட்டிலே தேயிலை, சரிவிலே இறப்பர், கீழே களனி கங்கை. இதுவே எங்கள் நிலத்தின் அமைப்பு. அன்று என்னைக் காண வந்தவன் என் பழைய மாணாக்கன். அவன் பெயரை எழுதாது, தம்பி என்றே இங்குக் குறிப்பிடுகிறேன். கொழும்பிலே தேயிலைச் சுவைஞனாகப் பயின்று தேர்ந்தவன் அவன். ஒரு நாளில் நூற்றுக்கணக்கான கிண்ணங்களை வரிசையாக வைத்து, ஒவ்வொன்றிலும் ஒரு கரண்டி உறிஞ்சி, நாவிலே சுழற்றி உமிழ்ந்துவிட்டு, இது இரத்தினபுரிப் பக்கத்துத் தாழ்நிலத் தேயிலை, இது திம்புளை மலைத் தேயிலை என்று கூறும் தொழில் அது.

தம்பி வந்த காரியம் வேறு. தென்னிந்தியாவிற் புதிதாக எழுந்துள்ள வடிசாலையொன்று, விஸ்கியின் மணம் பார்க்கும் பணிக்கு அவனை அழைத்திருக்கிறது. அப்பணியை ஏற்கலாமா என்று கேட்கவே வந்தான். கேட்டதும் யான் வாய்திறவாதிருந்தேன். காரணம், தம்பியின் தந்தை என் பள்ளித்தோழன். கசிப்புக் குடித்து, நாற்பத்தோராம் வயதில் இறந்தவன்.

“ஐயா, நீங்கள் வேண்டாமென்றால் நான் போகமாட்டேன். ஆனால் என்ன வேலையென்று அறிந்த பின்பு சொல்லுங்கள்” என்று கூறி, பையிலிருந்து ஒரு புட்டியை எடுத்து மேசைமேல் வைத்தான். நேர்முகத் தேர்வுக்காகப் பெங்களூர் சென்றபோது வாங்கியதாம். புட்டியின் மேல் அம்ருத் என்று எழுதியிருந்தது.

அம்ருத் என்பது அமுது. விஸ்கி என்னும் பெயரோ, ஸ்கொட்லாந்தின் கேலிக் மொழியில் உயிர்நீர் எனப் பொருள்படும் தொடரின் சிதைவு. உயிர்நீர் என்று ஒரு நாட்டாரும், அமுதென்று மற்றொரு நாட்டாரும் பெயரிட்ட பொருளால் எங்கள் லயங்களிலே இறந்தவர்களை எண்ணிப் பார்த்தேன். தம்பி என் முகத்தைக் கண்டு என் எண்ணத்தை உணர்ந்தான் போலும். “ஐயா, இதனை நீங்கள் குடிக்க வேண்டியதில்லை. சுவைஞர் எவரும் குடிப்பதில்லை, மோந்து பார்ப்பார்கள், நாவில் வைத்தாலும் உமிழ்ந்துவிடுவார்கள்” என்றான். என் இல்லாள் உள்ளே சென்று, வெற்றிலை போடும் விருந்தினருக்கென வைத்திருந்த பித்தளைப் படிக்கத்தைக் கொணர்ந்து என் காலடியில் வைத்தாள். அவள் ஒன்றும் சொல்லவில்லை. படிக்கத்தை வைத்த ஓசையில் எல்லாம் இருந்தது.

தம்பி ஒரு கண்ணாடிக் குவளையிற் சிறிது வார்த்து, அளவாகத் தண்ணீர் சேர்த்தான். கலவைக்கூடத்தார் மூக்கினாற் சோதிக்கும்போது நூற்றுக்கு இருபது பங்கு அளவிற்கு மதுச்சாரத்தைத் தணித்துக் கொள்வர் என்றும், அவ்வாறு செய்யாவிடின் மூக்கு மரத்துப்போம் என்றும் விளக்கினான். குவளையை என்னிடம் நீட்டினான்.

தொல்காப்பியர் உயிர்களை அறிவினால் வகுத்தபோது, மூக்கின் அறிவை மூன்றாவதாக வைத்து, அதற்கு எடுத்துக்காட்டாகச் சிதலையும் எறும்பையும் காட்டினார். எறும்புக்கும் உரிய அவ்வறிவை நாம் மதிப்பதில்லை. நாற்றம் என்னும் நல்ல சொல்லைக்கூடக் கெட்ட மணத்துக்கே ஒதுக்கிவிட்டோம். அன்று குவளையை மூக்கருகே கொண்டு சென்றபோது, அம்மூன்றாம் அறிவு ஆறாம் அறிவையும் தாண்டி ஓடியது. யான் விறாந்தையில் இல்லை. எட்டு வயதுச் சிறுவனாய், தோட்டத்து இறப்பர்ப் புகையறையின் வாயிலில், வேலைவிட்டு வரும் அம்மாவுக்காகக் காத்து நின்றேன்.

இது வெறும் மயக்கமன்று. இதற்குக் காரணம் உண்டு. இறப்பர்ப் பாலைத் தட்டுகளில் ஊற்றி, அமிலஞ் சேர்த்து உறையச் செய்து, உருளைகளில் அழுத்தித் தாளாக்கிப் புகையறையிலே தொங்கவிடுவர். விறகின் புகையும் வெம்மையும் நாலைந்து நாள் பட்டால் வெண்தாள் தேன்நிறமாகும். வெம்மை மிகின் தாளிற் கொப்புளம் எழும். குறையின் பூஞ்சணம் பிடிக்கும். பூஞ்சணம் அணுகாது காப்பவை புகையிலுள்ள பீனோல் இனத்துப் பொருள்கள். புகை விஸ்கிக்கு அதன் மணத்தைத் தருபவையும் அவ்வினத்துப் பொருள்களே. முளைகட்டிய வாற்கோதுமையை உலர்த்தும்போது கீழே புகையை எழுப்பினால், பீனோல் தானியத்தின் உமியிற் படிந்து, புளிப்பையும் வடிப்பையும் கடந்து புட்டிவரை வந்து சேர்கிறது. பத்திலட்சம் பங்கு தானியத்தில் ஐம்பது பங்கு பீனோல் இருப்பினே அது கடும்புகை வகையாம். அத்துணைச் சிறிய அளவு, ஒரு மனிதனை நாற்பத்தைந்து ஆண்டு பின்னே இழுத்துச் செல்லப் போதுமாயிற்று.

அப்புகை எழுவது விறகிலிருந்து அன்று. பீட் என்னும் கருமண்ணிலிருந்து. சதுப்பு நிலத்திலே பாசியும் புல்லும் ஆயிரக்கணக்கான ஆண்டுகளாக மக்கி, நிலக்கரியாக முற்றாத நிலையில் இறுகிக் கிடப்பது அது. நம் நாட்டில் முத்துராஜவெலச் சதுப்பிலும் அது உண்டு. ஸ்கொட்லாந்தின் மேற்கே அய்லா என்றொரு தீவு. மரம் அருகிய நிலம். அங்குள்ள எளிய மக்கள் விறகின்மையாற் பீட் மண்ணை வெட்டி, காயவைத்து, அடுப்பெரித்தனர். தானியத்தை உலர்த்தவும் அதுவே எரிபொருள். புகைவண்டிப் பாதைகள் வந்து நிலக்கரி எளிதிற் கிடைத்தபோது, பெருநிலத்து வடிசாலைகள் பல பீட் புகையைக் கைவிட்டன, தீவினர் விடவில்லை. வறுமையால் வந்த புகை, பின்னர் அத்தீவின் அடையாளமாயிற்று. இன்று அப்புகைக்காகவே உலகெங்குமுள்ளோர் பெருவிலை கொடுக்கின்றனர். இதனைத் தம்பி விளக்கியபோது, லயத்துக் காம்பராவில் ஈரவிறகை ஊதி ஊதிக் கண்சிவந்த எங்கள் தாய்மாரை நினைந்தேன். அந்தப் புகைக்கு எவரும் விலை வைக்கவில்லை.

பின்னர் ஒரு துளி நாவில் வைத்தேன். முதலில் இனிப்பு. கித்துள் பாணியைக் காய்ச்சும் சட்டியின் அடியிலே சற்றுக் கருகிப் பிடித்திருக்குமே, அந்த இனிப்பு. அடுத்துப் புகை. அதன்பின் மிளகின் கார்ப்பும், கடுந்தேநீரின் துவர்ப்பும். துவர்ப்பு ஓக் மரப் பீப்பாயிலிருந்து வருவதாம். அறுசுவையில் உவர்ப்பும் புளிப்பும் ஒழிந்தன எல்லாம் ஒரு துளியில் வரிசையாக வந்து சென்றன. இறுதியில் ஒரு சுறுக்கு. பழந்தேறலின் கடுப்பைத் தேள் கொட்டியதற்கு ஒப்பாக ஔவையார் புறநானூற்றிலே சொன்னதன் பொருள் அக்கணமே எனக்கு விளங்கியது. அதனை உரைநூல்களைக் கொண்டே இதுகாறும் விளக்கி வந்தேன். படிக்கத்தில் உமிழ்ந்தேன்.

“இதிலே ஒரு பச்சை வாடையும் இருக்கிறதல்லவா ஐயா? இது அதிக வயதுடையதன்று. இந்த இளமையைக் குறிக்க ஆங்கிலத்திற் சொல் இருக்கிறது. தமிழில் என்ன சொல்வது?” என்று தம்பி கேட்டான்.

மது ஆய்வில் யான் கூறத்தக்கது ஒன்றுமில்லை. ஆனால் சொல் என்று கேட்டால் பண்டிதன் எழுந்து நிற்பான். பெரும்பாணாற்றுப்படையில், அரிசிக் களியிலிருந்து மது ஆக்கும் முறை விரிவாகக் கூறப்படுகிறது. இரண்டு பகலும் இரண்டு இரவும் சாடியில் வைத்து, அதன் இளமை நீங்கும்வரை விளையவிடுவர் என்கிறார் புலவர். அவ்விளமைக்கு அவர் ஆண்ட சொல் வழைச்சு. மதுவின் முற்றாத பச்சைத்தன்மையே வழைச்சு. மலைபடுகடாமோ மூங்கிற் குழாயிலிட்டு விளைவித்த தேறலைச் சொல்கிறது. இவை புளித்து விளைந்தவை. வாலையிலிட்டு வடித்தவை அல்ல. ஆயினும், மது மரத்தின் வயிற்றிற் கிடந்து முதிரும் என்பதையும், முதிர்வதன் முன் அதற்கு ஓர் இளமை உண்டு என்பதையும் நம் முன்னோர் அறிந்திருந்தனர். அறிந்தமையாற் சொல் பிறந்தது. தம்பி குறிப்பேட்டை நீட்டினான். வழைச்சு என்று எழுதிக் கொடுத்தேன்.

இளமையைப் பற்றி அவன் சொன்னவை எனக்குப் புதியன. ஸ்கொட்லாந்தின் சட்டப்படி, ஓக் பீப்பாயில் மூன்று ஆண்டு கிடந்த பின்பே அப்பொருளுக்கு விஸ்கி என்னும் பெயர் உரியதாகும். அய்லாவில் 124 ஆண்டுகளின் பின் எழுந்த புதிய வடிசாலை கில்ஹோமன். 2005 ஆம் ஆண்டில் தொடங்கி, 2009 இல் மூன்று வயதுப் புகை விஸ்கியை வெளியிட்டது. வயது ஏற ஏறப் புகை மங்கும். இளமையில் அது முழுவீச்சோடு நிற்கும். புதிய வடிசாலையார் புகை விஸ்கியை இளமையிலேயே வெளியிடத் துணிவதற்கு இதுவும் ஒரு காரணம்.

நம் பக்கத்து வெப்பமோ வேறு கணக்குடையது. அம்ருத் நிறுவனம் 1948 இல் ராதாகிருஷ்ண ஜக்தாலே என்பவராற் பெங்களூரில் நிறுவப்பட்டது. அதன் சிங்கிள் மோல்ட் விஸ்கி 2004 ஆம் ஆண்டிலே, ஸ்கொட்லாந்தின் கிளாஸ்கோ நகரில் முதன்முதல் வெளியிடப்பட்டது. கொல்லன் தெருவில் ஊசி விற்கச் சென்ற துணிவு அது. ஸ்கொட்லாந்துப் பீப்பாயிலிருந்து ஆண்டுதோறும் நூற்றுக்கு இரண்டு பங்கு ஆவியாகும். பெங்களூரிலோ பத்துப் பங்கும் அதற்கு மேலும் போய்விடும். பத்தென்றே கொண்டாலும், ஐந்தாண்டில் 100 லீற்றர் 59 லீற்றராகிறது. அங்கோ 90 லீற்றர் எஞ்சும். போனதை வானவர் பங்கு என்று அத்தொழிலார் சொல்வராம். வேள்விப் புகைவழியே அவியுணவு பெறும் நம் வானவர்க்கு அது புதிதன்று. இழப்புப் பெரிதாயினும், வெப்பத்தால் மரத்தின் சாரமும் விரைந்து இறங்குகிறது. ஆகவே இங்கே நாலைந்து வயது இளமையன்று. தோட்டத்துப் பிள்ளைகள் விரைவில் முதிர்வது போல, என்று யான் எண்ணினேன், சொல்லவில்லை.

சொல்லாதது இன்னொன்றும் உண்டு. வடித்த அன்றே விற்கும் கசிப்பைவிட வழைச்சு மிக்க மது வேறில்லை. சீனியைப் புளிக்கவைத்துக் காட்டோரத்தில் மறைவாக வடிப்பர். அதற்குப் பீப்பாயுமில்லை, ஆண்டுமில்லை. அதன் மணத்தை எவரும் ஆராய்வதுமில்லை. மூக்கைப் பொத்திக்கொண்டே குடிப்பர். என் தோழனும் அவ்வாறே குடித்தான். அவனோ எங்கள் தோட்டத்திலே மூக்குக்குப் பெயர்போனவன். இரவிற் புகையறை நெருப்பைக் காப்பது அவன் வேலை. கதவைத் திறவாமலே, வெளியே நின்று மோந்து, இன்று நெருப்புக் கூடிவிட்டது, அந்த மூலையிலே தாள் இன்னும் ஈரம் என்று சொல்வான். திறந்து பார்த்தால் அப்படியே இருக்கும். வியப்பார்கள், சிரிப்பார்கள், போய்விடுவார்கள். அவனும் நெருப்பின் முன்னே தனித்திருந்து, விடியுமுன் குடிக்கப் பழகினான்.

இந்நாட்டில் 1912 ஆம் ஆண்டு மதுவரிக் கட்டளைச்சட்டம் வந்து, கள்ளுத் தவறணைகள் பெருகியபோது, அவற்றை எதிர்த்து மதுவிலக்கு இயக்கம் எழுந்தது. தலைவர்கள் பேசினர், நூல்கள் வந்தன. தோட்டத்துச் சம்பள நாளும் தவறணையும் அதன் பின்னும் பிரியவில்லை. யானும் என் பங்குக்கு அதிகாரத்தைக் குரலுயர்த்திக் கற்பித்தேன். தெளிந்த நிலையில் இருப்பவன், மயங்கிக் கிடக்கும் மற்றொருவனைக் கண்டாவது குடியின் சோர்வை எண்ண மாட்டானா என்று வள்ளுவர் கேட்கிறார். எண்ணினோம். அவன் கையில் இருந்த திறமையை எண்ணவில்லை. மூக்கைப் பொத்திக் குடிக்கும்படி அவனை விட்ட வாழ்வு எத்தகையது என்று யானும் வகுப்பிற் கேட்டதில்லை.

இவ்வாறு யான் மனத்துள் வழக்காடிக் கொண்டிருந்தபோது, உள்ளேயிருந்து என் தாயார் சுவரைப் பற்றிக்கொண்டு வந்தார். எண்பதைக் கடந்தவர், கண் மங்கிவிட்டது. அவருடைய சொற்களை அவ்வாறே தருகிறேன்.

“என்னாய்யா, புகைக் காம்பரா வாசம் வருது?”

தம்பி எழுந்து, குவளையை அவர் முகத்தருகே பிடித்தான். நெடுநேரம் மோந்தார். “அதேதான். ஆனா இனிக்குது” என்றார். சாராயமென்று யான் சொன்னதும் முகத்தைத் திருப்பிக் கொண்டார். தாயின் முகத்தெதிரேயும் வெறுக்கப்படுவது கள்ளுண்டு களித்தல் என்றார் வள்ளுவர்; அம்முகத்தை அன்று பார்த்தேன்.

சிறிது பொறுத்து அவரே கேட்டார்: “இத மோந்து பாக்கவா ஒனக்குச் சம்பளம்?”

“ஆமாம் பாட்டி.”

“குடிக்கணுமா?”

“குடித்தால் மூக்குக் கெட்டுவிடும் பாட்டி. வேலையும் போய்விடும்.”

தாயார் தடவிப் பார்த்து, அவன் தலைமேற் கையை வைத்தார். “ஒங்கப்பனுக்கும் இந்த மூக்குத்தானே ராசா. அவன் மூக்குக்கு ஆரு சம்பளம் குடுத்தா? நீ போய்ட்டு வா” என்றார்.

தம்பி என்னைப் பார்த்தான். என்னிடம் கேட்க வந்த கேள்விக்கு விடை கிடைத்துவிட்டது; யான் சேர்க்க ஒன்றுமில்லை. “போய் வா தம்பி. குறிப்பேட்டைத் தமிழிலும் எழுது” என்று மட்டும் சொன்னேன். புட்டியைப் பையிலிட்டுக் கொண்டு அவன் பேருந்துக்கு இறங்கினான். என் இல்லாள் படிக்கத்தையும் குவளையையும் இருமுறை கழுவிக் கவிழ்த்தாள். மறுநாட் காலையிற் குவளையை எடுத்து மோந்தேன், புகை இருந்தது.

அன்று பள்ளியில் அதே அதிகாரம் நடத்தும் முறை வந்தது. குறள் பத்தையும் பொருளோடு சொன்னேன். ஒன்றையும் விட்டுக்கொடுக்கவில்லை, யான் இன்றும் குடியாதவன், குடியை ஒப்பாதவன். ஆயினும் இம்முறை குரலை உயர்த்தவில்லை. இறுதியில் நூலை மூடிவைத்து, கதவைத் திறவாமலே புகையறையின் உள்ளை அறிந்த ஒருவனைப் பற்றி மாணாக்கர்க்குச் சொன்னேன்.